பேச்சி வீட்டைப் பார்த்த பூசணி

"சாமி, ஒரு கதவை அடைக்கணும். நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்க" என்றாள் அங்கம்மாள்.

குளக்கரை மண்டபத்தை ஒட்டிப் பூசணிக் கொடி படர்ந்திருந்தது. பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்த சாமியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

சாமியம்மா குரு. அங்கம்மாள் சீடர். ஆனால் வயதில் அங்கம்மாள்தான் மூத்தவள். அதனால் குரு சீடரை அக்கா என்பார். சீடர் குருவைச் சாமி என்பாள். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

"கதவை அடைக்க நாள் எதுக்குக்கா? தாழ்ப்பாள் இல்லையா?"

"அப்படி அடைக்கிறது இல்ல சாமி. செங்கல் வச்சுக் கட்டுறது. கொத்தனார்கிட்டயும் சொல்லியாச்சு."

"எந்தக் கதவு?"

"எங்க வீட்டுக்கும் பேச்சி வீட்டுக்கும் நடுவுல இருக்கிற கதவு."

பேச்சி, அங்கம்மாளுடைய கொழுந்தனின் மனைவி. மாமியார் இருந்தவரை எல்லாரும் ஒரே வீடு. அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் முற்றத்தின் நடுவே ஒரு சுவர் எழுப்பினார்கள். பெண்கள் இரண்டு பேரும் போய்வர அதில் ஒரு சின்னக் கதவு வைத்தார்கள்.

"என்ன நடந்தது?" என்றார் சாமியம்மா.

"பூசணி சாமி. வேர் என் பக்கம். கொடி சுவர் ஏறிப் போயி அவ தொழுவத்துக் கூரையில காய்ச்சுது. அவ பறிச்சுக் கூட்டு வச்சுட்டா."

"உங்களுக்குக் கொடுக்கலையா?"

"கொடுத்தா. அதுதானே வயித்தெரிச்சல். கதவைத் திறந்து கிண்ணத்தை நீட்டுறா. எங்க கூரையில காய்ச்சதுக்கா, சாப்பிட்டுப் பாருங்கன்னு சொல்றா. என் காயை எனக்கே தானம் பண்றா."

"கூட்டு எப்படி இருந்தது?"

"நான் எங்க சாப்பிட்டேன்? மாட்டுக்குப் போட்டேன்."

"மாடு என்ன சொன்னது?"

அங்கம்மாள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"கிண்ணத்தையும் சேர்த்து நக்கிச்சு" என்றாள் கடைசியில்.

சாமியம்மா தலையை ஆட்டினார்.

"அதோட போயிருந்தாலும் பரவாயில்லை சாமி. அன்னையிலிருந்து அவ பார்க்கிற பார்வை இருக்கே. கண்ணை இடுக்கிக்கிட்டு, அப்படியே துளைச்சு எடுக்கிறா. என்னைப் பார்க்கிறா, மாட்டைப் பார்க்கிறா, நான் காயப்போட்ட சேலையைப் பார்க்கிறா. மாடு பாலைக் குறைச்சுட்டுது. இவருக்கு முதுகு பிடிச்சுக்கிட்டுது. எனக்குத் தூக்கமே இல்லை. கண்ணு பட்டுப் போச்சு."

"அந்தக் கண் கதவு வழியாத்தான் வருதா?"

"வேற எப்படி வரும்?"

"சுவர் எவ்வளவு உயரம்?"

"என் தோள் உயரம்."

சாமியம்மா இன்னொரு பழுத்த இலையைக் கிள்ளினார்.

"பௌர்ணமிக்கு மறுநாள் நல்ல நாள். கட்டுங்க."

அங்கம்மாளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

"நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

ஐப்பசிப் பௌர்ணமி அந்த ஊரில் பூசணி விளக்குத் திருநாள். வீட்டுக்கு வீடு ஒரு பூசணிக்காயைக் குடைவார்கள். ஒரு கோர முகம் செதுக்கி, உள்ளே அகல் விளக்கை ஏற்றி, தெருவைப் பார்த்து வைப்பார்கள். கெட்ட கண் அந்த முகத்தைக் கண்டு பயந்து திரும்பிப் போய்விடும் என்பது நம்பிக்கை.

சாமியம்மா கொடியில் இருந்ததிலேயே பெரிய காயை அறுத்து அங்கம்மாளின் கையில் கொடுத்தார்.

"இந்த வருசம் இதைச் செதுக்குங்க. முகத்தைப் பேச்சி வீட்டைப் பார்த்து வைங்க."

"தெருவைப் பார்த்துத்தானே வைப்பாங்க?"

"தெருவுல உங்களுக்கு யாரைக் கண்டு பயம்?"

அங்கம்மாள் யோசித்துப் பார்த்தாள். ஒருத்தரும் இல்லை. காயை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

*

மறுநாள் காலையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டாள். முகம் பிரகாசமாக இருந்தது.

"சாமி, எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"என்ன புரிஞ்சுது?"

"காம்பைச் சுத்தி வெட்டி மூடியை எடுத்தேன். சிரட்டையால சுரண்டிச் சுரண்டி, விதை, நார், சதை எல்லாத்தையும் வெளியே எடுத்தேன். வெறும் கூடுதான் இருக்கு. மனசையும் இப்படித்தான் காலி பண்ணணும். அதைத்தானே சொல்ல வந்தீங்க?"

"எடுத்த சதையை என்ன செஞ்சீங்க?"

"மாட்டுக்குப் போட்டேன்."

"மறுபடியுமா?"

சாமியம்மாவின் முகத்தில் துக்கத்தை அங்கம்மாள் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள்.

*

முகம்தான் சரியாக வரவில்லை.

அங்கம்மாள் முதலில் கரித்துண்டால் வரைந்து பார்த்தாள். வயலிலிருந்து வந்த அவள் கணவர் இசக்கிமுத்து முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"யாருக்குட்டி பல்வலி?"

அவள் அதை அழித்துவிட்டு வேறு வரைந்தாள்.

"இப்பப் பல்லைப் பிடுங்கியாச்சு போல" என்றார் அவர்.

அங்கம்மாள் பூசணியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கே போனாள்.

"பயங்கரமா வரமாட்டேங்குது சாமி."

"யாரை நினைச்சு வரையுறீங்க?"

"பேச்சியைத்தான்."

"அவளுக்குப் பயங்கரமான முகமா?"

அங்கம்மாள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"இல்ல. பூனைக்குட்டி மூஞ்சி."

"அப்ப அவளை விட்டுருங்க. கரியும் வேண்டாம். கத்தியைக் கையில எடுங்க. நல்லாப் பயப்படுங்க. கை போறபடி போகட்டும்."

"பயப்படுறதுக்கு எனக்குச் சொல்லிக்கொடுக்கணுமா சாமி."

"வேண்டாம். அந்த ஒரு பாடத்துல நீங்கதான் குரு."

*

பௌர்ணமி அன்று மத்தியானம் அங்கம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து செதுக்கினாள். சொன்னபடியே பயந்தாள்.

மழை வந்துவிடுமோ என்று பயந்தாள். எண்ணெய் போதாதோ என்று பயந்தாள். மாட்டுக்கு என்னவோ என்று பயந்தாள். அவருடைய முதுகுக்கு என்னவோ என்று பயந்தாள். நாளைக்குக் கொத்தனார் வராமல் போய்விடுவாரோ என்று பயந்தாள். வந்துவிடுவாரோ என்று நினைத்தபோது கத்தி கொஞ்சம் வழுக்கி, வாய் ஓரத்தில் ஒரு பொட்டு விழுந்துவிட்டது.

முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கண்ணும் வாயும் மெல்லிய கீறல்கள். ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது. வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. ஏதோ கேட்கப் போகிற முகம்.

அங்கம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இசக்கிமுத்து வாயில் பீடியோடு முற்றத்துக்கு வந்தார். பூசணியைப் பார்த்தார். பீடியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லையே" என்றபடி அவர் வெளியே போய்விட்டார்.

அங்கம்மாளுக்குத் திருப்தியாக இருந்தது. முகம் பயங்கரமாகத்தான் வந்திருக்கிறது.

*

பொழுது சாய்ந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பூசணிகள் மஞ்சளாகச் சிரித்தன, முறைத்தன, பல்லைக் காட்டின.

அங்கம்மாள் தன் பூசணியைச் சுவர்மேல், கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். முகம் பேச்சி வீட்டுப் பக்கம். அகலை உள்ளே இறக்கி, திரியை ஏற்றி, மூடியை வைத்தாள்.

விளக்கு அணைந்தது.

மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது.

பின்பக்கம் ஒரு துளை போட்டால்தான் புகை போகும், விளக்கு நிற்கும். அந்த ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். அங்கம்மாளுக்கும் தெரியும். ஆனால் பின்பக்கம் அவள் வீட்டைப் பார்த்து இருந்தது. விரட்டுகிற கண் அந்தத் துளை வழியாக இந்தப் பக்கம் புகுந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் அவள் துளை போடவில்லை.

மறுபடி ஏற்றினாள்.

"பின்னால ஓட்டை போடணும்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

பேச்சி. கூட்டுக் கிண்ணத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

விளக்கு அணைந்தது.

"மூச்சு முட்டுதுல்லா அதுக்கு."

"எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்."

"நான் பூசணிகிட்டத்தான் சொன்னேன்."

அங்கம்மாள் கத்தியை எடுத்தாள். கோபத்தோடு குத்திய குத்தில் பின்பக்கம் துளை விழுந்தது. திரியை ஏற்றினாள். சுடர் ஒரு தரம் குனிந்து நிமிர்ந்து, நின்று எரிந்தது. துளை வழியாக வந்த வெளிச்சம் அவள் புறங்கையில் ஒரு மஞ்சள் வட்டமாக விழுந்தது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பயந்துவிட்டாள் என்று நினைத்தாள் அங்கம்மாள். நினைத்த அளவுக்கு அதில் சந்தோஷம் இல்லை.

"அக்கா" என்றாள் பேச்சி. குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"என்ன."

"இது யாரு?"

"யாரும் இல்லை. பூதம்."

"பூதம் இல்லக்கா. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பாருங்க."

அங்கம்மாள் அசையவில்லை. பிறகு கவலை வந்துவிட்டது. முகம் பிளந்துவிட்டதோ, எண்ணெய் ஒழுகுகிறதோ. கதவைத் தள்ளினாள். பேச்சி பக்கத்துப் படி உடைந்து கிடந்தது. கால் இடறி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பேச்சி பூசணிக்கு வெகு கிட்டே நேராக நின்றிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

அங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

பகலில் அவள் பார்த்தது செதுக்கிய காயை. இப்போது உள்ளே உயிர் இருந்தது. ஏறிய ஒற்றைப் புருவம். ஒரு பக்கம் இழுத்த வாய். வாய் ஓரத்தில் மச்சம். குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, தட்டிலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்குகிற முகம்.

"அத்தை" என்றாள் பேச்சி.

அங்கம்மாளும் பேச்சிக்குப் பக்கத்தில் போய் நேராக நின்றாள்.

"ஆமாட்டி."

"உப்புப் போட்டது யாருன்னு கேட்கப் போறாங்க."

"நீதான்னு சொல்லு."

"எப்பவும் நான்தானே சொன்னேன். இன்னைக்காவது நீங்க சொல்லுங்க."

அங்கம்மாளுக்கு மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அடக்கிப் பார்த்தாள். பேச்சிக்கும் அதே சத்தம் வந்தது. அதற்குமேல் இருவராலும் நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்கள். அண்ணன் நடுக் கதவு வழியாகவும் தம்பி தன் வாசலிலும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். பூசணி அவர்களையும் பார்த்தது. இரண்டு தலையும் உள்ளே போய்விட்டன.

"மச்சத்தைக்கூட விடலையேக்கா நீங்க."

"அது தானா விழுந்ததுட்டி."

"நிஜமாவா?" பேச்சி எழுந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, பூசணியின் வாய்க்குள் மூக்கு போகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனாள்.

அங்கம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, முடியில தீப்பிடிக்கும். எதுக்கு இவ்வளவு கிட்டப் போறே?"

"கிட்டப் போனாத்தான்கா தெரியுது. கொஞ்ச நாளா எல்லாமே பனி மூடினாப்ல இருக்கு. கண்ணை இடுக்கிப் பார்த்தா ஏதோ ஒரு நிழல் தெரியும். அது நீங்களா, மாடா, கொடியில காயுற சேலையான்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள நீங்க உள்ளே போயிருவீங்க."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்டச் சொல்ல? நீங்கதான் பேசலையே."

அங்கம்மாள் அவள் முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பூனைக்குட்டி மூஞ்சி. இரண்டு கருவிழியிலும் மெல்லிய பால் ஆடை.

அவள் வெகுநேரம் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

*

காலையில் கொத்தனார் மாடசாமி வந்துவிட்டார். முற்றத்தில் செங்கல்லை அடுக்கினார். மணலும் சிமெண்டும் கலந்து கலவை போட்டார். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தபோது, வேலை செய்ய இடமில்லை.

கதவு நிலையில் சாமியம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு கால் அங்கம்மாள் வீட்டில், ஒரு கால் பேச்சி வீட்டில். மடியில் தட்டு. தட்டில் சோறும் பூசணிக் கூட்டும்.

"சாமி, நீங்க எழுந்திரிச்சாத்தான் நான் கட்ட முடியும்."

"சாப்பிட்டு எழுந்திரிக்கிறேன்ப்பா."

கொத்தனார் காத்திருந்தார். சாமியம்மா நிதானமாகச் சாப்பிட்டார். தட்டு காலியாகும் நேரத்தில் அந்தப் பக்கமிருந்து பேச்சியின் கரண்டி வந்து, இன்னும் கொஞ்சம் கூட்டு வைத்துவிட்டுப் போனது.

"கலவை இறுகுது சாமி."

"நான் நாள் மட்டும்தான் சொன்னேன். வேலை சொன்னவங்ககிட்டக் கேளு."

"அங்கம்மாக்கா எங்கே?"

சாமியம்மாவுக்கு வாயில் சோறு இருந்தது. கட்டைவிரலால் பேச்சி வீட்டைக் காட்டினார்.

கொத்தனார் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அங்கம்மாள் அங்கே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கூட்டுச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். பேச்சியைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். கண் தெரியாதவள் அடுப்புப் பக்கம் எதற்கு வருகிறாள், கிணற்றடிக்கு எதற்குத் தனியாகப் போகிறாள், திங்கட்கிழமை டவுன் ஆஸ்பத்திரிக்கு முதல் பஸ்ஸில் போனால்தான் டோக்கன் கிடைக்கும், அந்த பஸ் வராவிட்டால் என்ன செய்வது, வந்து உட்கார இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது.

"அக்கா" என்றார் கொத்தனார். "வேலைக்குச் சொல்லிவிட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்துட்டீங்களே. கலவை கல்லாப் போயிரும். அடைக்கவா, வேண்டாமா? ஒண்ணைச் சொல்லுங்க."

திட்டு நின்றது.

அங்கம்மாள் சட்டியை இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் வந்தாள். அடுக்கியிருந்த செங்கல்லைப் பார்த்தாள். கலவையைப் பார்த்தாள். கீழே பார்த்தாள்.

"அந்தப் படி உடைஞ்சு கிடக்கு பாருங்க" என்றாள். "முதல்ல அதைப் பூசிவிடுங்க. இவளுக்குக் கண் தெரியாது."